மாலை போடக் கழுத்து எங்கே?

திரை விலகியது. டிரம்ஸ் அதிர்ந்தது. ஆயிரம் வாலா வெடித்து ஓயும்வரை ஒலிபெருக்கி பொறுமையாகக் காத்திருந்தது. புகை கலைந்ததும், புதிதாகப் போட்ட ரவுண்டானாவின் நடுவில் ஒரு தங்க நிறக் குடும்பம் தெரிந்தது. அப்பா, அம்மா, புத்தகப் பையுடன் மகள். மகள் கையில் ஒரு மரக்கன்று. அதுவும் தங்க நிறம். மூவருக்கும் ஒரே பல்வரிசை. ஒரே அச்சில் எடுத்திருக்கிறார்கள், செலவு மிச்சம். ரவுண்டானா போடுவதற்காக அங்கே நிஜமாக நின்ற இரண்டு புங்க மரங்களை வெட்டியிருந்தார்கள். சிலையின் பெயர் ‘மரம் வளர்ப்போம்’.

தாம்பரத்தைச் சுற்றி எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஒரு ஊரின் பெயரைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், தங்கள் ஊரை விட்டுவிட்டேன் என்று.

சிலையைச் சுற்றி நீரூற்று. திறப்பு விழா அன்று பீய்ச்சியது. மூன்றாம் நாள் மோட்டார் நின்றது. இப்போது அதில் தண்ணீர் கிடந்தால் முந்தின நாள் மழை பெய்திருக்கிறது என்று பொருள். மற்ற நாட்களில் டீ கப்.

எனக்குச் சிலைகளைவிடக் கல்வெட்டுகள்தான் பிடிக்கும். பொய் சொன்னாலும் எழுத்துப் பிழையோடு சொல்லும். பளபளப்பான கறுப்பு கிரானைட். எண்ணிப் பார்த்தேன், 23 பெயர்கள். தலைமை, முன்னிலை, சிறப்பு அழைப்பாளர், வந்தவர், வருகிறேன் என்று சொல்லி வராதவர், செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர், ஒப்பந்ததாரர், மின் பணி செய்தவர். சிலையைச் செய்தவர் பெயர் இல்லை.

பக்கத்தில் சால்வையோடு நின்ற ஒருவரிடம் கேட்டேன். “சிலையை யாருங்க செஞ்சது?”

“கான்ட்ராக்டர்தான் செஞ்சாரு.”

“இல்லீங்க, கையால செஞ்சவரு?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க பத்திரிகையா?”

சிற்பியின் பெயரைக் கேட்பது இந்த மாநிலத்தில் ஊழல் விசாரணையின் முதல் கட்டமாகத் தெரிகிறது.

தமிழ்நாட்டில் சிலை வைக்க எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சிலைக்குக் கழுத்து இருக்க வேண்டும், மாலை போட. கை இருக்க வேண்டும், விரல் நீட்ட. மூக்குக் கண்ணாடியோ துண்டோ தடியோ இருந்தால் நல்லது. முகம் சரியாக வராவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பீடம் ஏணி வைத்தால் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஏணியில் ஏறுபவரின் முகமும் சிலையின் முகமும் ஒரே போட்டோவில் அடங்க வேண்டும். இவ்வளவுதான் அழகியல். தொல்காப்பியருக்கே இதற்குமேல் விதி வகுக்கத் தெரிந்திருக்காது.

இந்தச் சட்டத்தில் மாட்டாத சிலை ஒன்று உண்டு. அரூபச் சிற்பம். முகம் இல்லை. விரல் இல்லை. வெண்கலத்தில் ஒரு வளைவு, ஒரு துளை, எழும்பப் பார்க்கும் ஒரு கனம். எங்கள் பகுதியில் அப்படிச் செய்கிற சிற்பி ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். பெயர் வெளியே வந்தால் பெரிய ஆள் போலிருக்கிறது என்று வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிடுவார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை. பகலில் ஃபைபரில் தலைவர்கள் செய்கிறார். கட்சி வித்தியாசம் பார்ப்பதில்லை. ஒரே உடம்பு அச்சு, தலை மட்டும் மாறும். தமிழக அரசியலை இவ்வளவு சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை. இரவில் தனக்காக வெண்கலம்.

“தலைவருங்க சோறு போடுறாங்க சார். இதுங்க சாப்பிடுதுங்க” என்பார், மூலையில் நிற்கும் தன் சிற்பங்களைக் காட்டி.

ஒருமுறை உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். தன் அப்பாவுக்குச் சிலை சொல்ல. மூலையில் நின்ற வெண்கலத்தைச் சுற்றி வந்தார். தட்டினார். குனிந்து துளை வழியாகப் பார்த்தார். அந்தப் பக்கம் அவருடைய டிரைவர் தெரிந்தார்.

“இது என்னண்ணே?”

“சிற்பம் தம்பி.”

“அது சரி, யாரு?”

“யாரும் இல்ல.”

“அப்புறம் மாலையை எங்க போடுவீங்க?”

இந்த ஒரு கேள்விக்குள் ஒரு பண்பாட்டுத் துறையே அடங்கியிருக்கிறது.

சரி, இவர் ஏதோ தனி ஆள், கிறுக்கு என்று விட்டுவிடலாம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போங்கள். அக்கரையில் கடலோரச் சாலையைப் பிடித்துச் சற்று வடக்கே திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். அங்கே ஒரு கிராமமே இப்படிக் கிறுக்குப் பிடித்து உட்கார்ந்தது. சோழமண்டல ஓவியர் கிராமம். ஆண்டு 1966.

இந்தக் கிறுக்கு பிறந்தது சென்னை ஓவியப் பள்ளியில். 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. இன்று பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்தபோது கே.சி.எஸ். பணிக்கர் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார். பட்டம் வாங்கி வெளியே போகிற பையன் ஓவியனாகவோ சிற்பியாகவோ பிழைக்க முடியாது. ஆபீஸ் குமாஸ்தாவாகிறான், ஜவுளி டிசைன் போடுகிறான், இரண்டே ஆண்டில் கை மரத்துப்போகிறது. இதற்கு அவர் கமிட்டி போடவில்லை. மனு எழுதவில்லை. மாணவர்களும் சக கலைஞர்களுமாகச் சுமார் 30 பேர் கூடினார்கள். பகலில் பாட்டிக் துணி, கைவினைப் பொருள் என்று செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து அந்தக் கடலோர மணலில் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். சவுக்கும் பனையும் நின்ற இடம். குடிசை போட்டார்கள். பிழைப்புக்குத் துணிக்குச் சாயம் போட்ட அதே கை, மிச்ச நேரத்தில் செம்பைத் தட்டியது.

ஆக, இந்தியாவில் நவீனக் கலையின் முக்கியமான இயக்கங்களில் ஒன்று, டெண்டர் இல்லாமல் நடந்துவிட்டது. நம் அதிகாரிகளுக்கு இதை இன்னும் மன்னிக்க மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வட்டத்தின் குரு எஸ். தனபால். 1919ல் பிறந்து 2000ல் மறைந்தவர். மயிலாப்பூர்க்காரர். ஓவியம் படிக்கப் போய்ச் சிற்பியானவர், பிறகு அதே கல்லூரிக்கு முதல்வரானவர். பெரியாரின் மார்பளவுச் சிலையை வடித்த அதே கை, உருவம் கரைந்து வெறும் அசைவாகிப்போன வெண்கலங்களையும் வார்த்தது. முதல் வகையைப் பற்றிக் கேட்டால் பத்து பேராவது கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் ‘தனபாலா, எந்தத் தொகுதி?’ என்பார்கள்.

அடுத்தவர் பி.வி. ஜானகிராம். 1930ல் பிறந்து 1995ல் மறைந்தவர். செம்புத் தகட்டைத் தட்டி, கம்பியைப் பற்றவைத்து, கிறிஸ்துவையும் பிள்ளையாரையும் முகப்பு மட்டும் கொண்ட சிற்பங்களாக நிறுத்தினார். பிறகு பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால். லயோலாவில் இயற்பியல் படித்தவர், செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துக் கருடனையும் கண்ணனையும் மரத்தையும் ஒரே கொடியில் படரவிட்டவர். 2017 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார்.

இந்த முகப்புச் சிற்பங்களில் ஒன்றின் முன்னால் நின்று பாருங்கள். தகட்டில் சுத்தியலின் ஒவ்வொரு அடியும் ஒரு சின்னக் குழியாகத் தெரியும். பற்றவைத்த இடத்தில் உலோகம் சொட்டுச் சொட்டாக உறைந்திருக்கும். அதை ராவி மறைத்திருக்க மாட்டார்கள். அந்தச் சொட்டே அணிகலன், அந்தத் தழும்பே பூ வேலை. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். பார்த்திருக்கிறீர்கள். அம்மன் கோயிலில், வெள்ளிக்கிழமை. சாமிக்குச் சாத்திய கவசம். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பைத்தியம் என்று எதைத் தள்ளினோமோ அது நம் கர்ப்பக்கிரகத்திலிருந்து வந்தது.

இதையெல்லாம் யாராவது எழுதி வைத்தார்களா? வைத்தார்கள். நம் தாம்பரத்துக்காரர் ஒருவர். 1937ல் இங்கே இடம்பெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஜோசஃப் ஜேம்ஸ். சென்னைச் சிற்பிகளைப் பற்றி அவர் தொகுத்த நூலை 1993ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. பொருளாதார வாத்தியாருக்குச் சிற்பம் புரிந்தது. பண்பாட்டுக்கென்று தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பொருள் மட்டும் புரிகிறது.

இன்னொரு செய்தி. அதே ஈஞ்சம்பாக்கத்தில், அதே சாலையில், விஜிபி கேளிக்கைப் பூங்கா. அங்கே மீசை, தலைப்பாகையோடு சிலை மனிதர் என்று ஒருவர் நிற்பார். அசைய மாட்டார், சிரிக்க மாட்டார். அவரைச் சிரிக்க வைக்க நம் சனம் தலைகீழாக நின்று பார்த்திருக்கிறது. அவர் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. அந்த வெயிலில் அரை மணி நேரம் அசையாமல் நிற்க என்னால் முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். சிலையாக நடிக்கும் மனிதனைப் பார்க்கத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டம். மனிதனைப் பற்றி ஏதோ சொல்ல நிற்கும் சிலைகளைப் பார்க்க, நான் போன ஞாயிற்றுக்கிழமை, நான், ஒரு வாட்ச்மேன், ஒரு பூனை.

“எல்லாம் சரி, ஒண்ணும் புரியலையே” என்பது அடுத்த குற்றச்சாட்டு. அரூபம் என்றால் மேல்தட்டு விளையாட்டாம், பாமரனுக்கு எட்டாதாம். இதைச் சொல்கிறவர் சொல்லி முடித்துவிட்டு மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலுக்குப் போகிறார். சோழர் காலத்துக் கோயில். உள்ளே இருப்பது லிங்கம். கண் இல்லை, மூக்கு இல்லை, கை இல்லை. “இது யாரு?” என்று அவர் குருக்களைக் கேட்பதில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். சைவம் இதற்கு அருவுருவம் என்று பெயரே வைத்திருக்கிறது. உருவம், அருவம், இரண்டும் கலந்த அருவுருவம். பாரிஸ்காரர்கள் இதை யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொள்வதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம் பாட்டி விபூதி பூசிக்கொண்டு யோசித்து முடித்துவிட்டாள். கழுத்தே இல்லாத கல்லுக்கு மாலை சாத்தத் தெரிந்த ஊர் இது. இதற்குப் புரியவில்லையாம்!

நடராசரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கை, ஒரு கால் காற்றில், சுற்றிலும் நெருப்பு வட்டம். இது எந்த ஊர் ஆளின் சாயல்? சென்னை அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராசரைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் ஒரு கட்டுரையே எழுதினார். பஸ் ஏறினால் எழும்பூரில் நேரிலேயே பார்க்கலாம் என்ற வசதி நமக்கு இருக்கிறது. வசதி இருப்பதாலேயே நாம் போவதில்லை. ஸ்ரீபுரந்தான் நடராசர் கோயிலை விட்டுக் காணாமல் போனபோது ஊர் அசையவில்லை. 2008ல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அதற்கு 50 லட்சம் டாலர் கொடுத்தது தெரிந்த பிறகுதான் ‘நம் பாரம்பரியம்’ என்ற சொல் பலர் வாயில் வந்தது. 2014ல் சிலை திரும்பியது. நம் வெண்கலத்தின் அருமை நமக்குத் தெரிய ஒரு திருடனும் ஒரு வெள்ளைக்காரச் செக்கும் தேவைப்படுகிறது.

அதிகாரிக்குச் சிற்பம் புரியாதது நம் ஊர்ச் சாபம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1926ல் பிரான்குசி என்ற சிற்பியின் ‘விண்ணில் பறவை’ நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியது. பளபளவென்று தேய்த்த வெண்கலம். சிறகு இல்லை, அலகு இல்லை, எழும்பும் வேகம் மட்டும் இருந்தது. சுங்க அதிகாரி பார்த்தார். கலைப்பொருளுக்கு வரி கிடையாது. ஆனால் இது எப்படிக் கலைப்பொருள் ஆகும்? ‘சமையல் பாத்திரம், மருத்துவமனைச் சாமான்’ என்ற இனத்தில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டார். வழக்கு நடந்தது. பறவை மாதிரி இல்லாவிட்டாலும் இது சிற்பமே என்று 1928ல் நீதிமன்றம் சொன்னது. பாரிஸில் ரோடினுக்கே இதே கதி. எழுத்தாளர் பால்சாக்குக்குச் சிலை கேட்ட சங்கம், 1898ல் அவர் செய்து காட்டியதும் இது எங்கள் ஆள் இல்லை என்று கைகழுவியது. அதே சிலை வெண்கலமாகப் பாரிஸ் வீதியில் நின்றது 1939ல். ரோடின் செத்து 22 ஆண்டு கழித்து.

வித்தியாசம் ஒன்றுதான். அங்கே கேலி செய்தவர்கள் பிறகு வெட்கப்பட்டார்கள். இங்கே அந்த வசதியும் இல்லை.

நம் உள்ளாட்சி ஒன்றில் ஓர் அரூப வெண்கலத்தை வாங்கச் சொல்லிக் கோப்பு போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். முழுக்கக் கற்பனைதான். ஆனால் கோப்பு பார்த்துப் பழகியவர்கள் சிரிக்க மாட்டார்கள். ‘சிலை யாருடையது?’ யாருடையதும் இல்லை. ‘எனில் பயனாளி யார்?’ பொதுமக்கள். ‘பொதுமக்களின் சாயல் சிலையில் காணப்படவில்லை.’ சிலையில் உள்ள துளைக்கு விளக்கம் தேவை. துளையின் கன அளவை மொத்த உலோக அளவிலிருந்து கழித்துத் திருத்திய மதிப்பீடு அனுப்புக. மேற்படி துளையில் மழைநீர் தேங்கி டெங்கு கொசு உற்பத்தியாகாது என்பதற்குச் சுகாதாரப் பிரிவின் தடையின்மைச் சான்று இணைக்கப்படவில்லை. இதே பணியை ஃபைபரில் செய்தால் மூன்றில் ஒரு பங்கு ஆகும் என்பதால், ஃபைபரில் முகத்துடன் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது. கோப்பு முடிக்கப்பட்டது.

முகம் வேண்டும் என்கிறார்களே, அந்த முகமாவது ஒழுங்காக வருகிறதா? 2018 பிப்ரவரியில் ராயப்பேட்டைக் கட்சித் தலைமையகத்தில் ஜெயலலிதாவின் வெண்கலச் சிலை திறந்தார்கள். திரை விலகியதும் தொண்டர்கள் கும்பிட்டார்கள். நாடு, “யாரு இது?” என்று கேட்டது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொருவர் தெரிந்தார்கள். பார்ப்பவர் மனத்தில் பல உருவங்களை எழுப்பும் சிற்பம் என்பதுதான் அரூபத்துக்கு இலக்கணம். ஆக, தமிழகத்தில் மிக அதிகம் பேர் பார்த்து விவாதித்த அரூபச் சிற்பம் அதுதான், தவறுதலாகச் செய்தது என்றாலும். அதே ஆண்டு நவம்பரில் அதை இறக்கிவிட்டு வேறு சிலை வைத்தார்கள். உருவம் உள்ள சிலையின் ஆயுள் ஒன்பது மாதம்.

காசு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். குஜராத்தில் 182 மீட்டர் உயரத்துக்கு 2,989 கோடி ரூபாயில் படேல் நிற்கிறார். 2018ல் திறந்தது. உள்நாட்டுத் தயாரிப்பே உயிர் மூச்சு என்று மேடைதோறும் முழங்கிய காலம். அவர் மேல் போர்த்திய வெண்கலத் தகடுகள் வார்க்கப்பட்டது சீனாவில். நமக்கு இன்னும் நெருக்கமான கதை ராமானுசருடையது. தாம்பரத்திலிருந்து கூப்பிடு தூரம், ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். ஐதராபாத் அருகே 216 அடி உயரத்தில், ஐம்பொன்னில், 2022ல் எழுந்தார். ஐம்பொன் என்றதும் சுவாமிமலை ஞாபகம் வருகிறதா? செய்தது சீன நிறுவனம். கோபுரம் ஏறி எல்லோருக்கும் பொதுவாக மந்திரம் சொன்னவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். அவரை வார்க்கும் வேலையையும் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டோம், உள்ளூர்க்காரனைத் தவிர.

உள்ளூர்க்காரனுக்குத் தெரியாதா? 2023ல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் நிறுவிய 27 அடி நடராசரை, 18 டன் எடையில், சுவாமிமலை ஸ்தபதிகள்தான் வார்த்தார்கள். சோழர் காலத்து அதே மெழுகு வார்ப்பு முறையில். மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடிக்க வேண்டும். அதன் மேல் காவிரி வண்டலை மெல்லப் பூச வேண்டும். காய்ந்ததும் இன்னொரு பூச்சு, இன்னொன்று. கம்பி கட்டி வறட்டித் தீயில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை. அந்த அச்சு இனி இல்லை. ஒரு அச்சு, ஒரு சிலை. தலையை மட்டும் மாற்றி அடுத்த கட்சிக்கு விற்க முடியாது. நம் ஆட்களுக்கு இந்த முறை ஏன் பிடிக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

சிலையை வைத்துவிட்டு நாம் என்ன செய்கிறோம்? 1968ல் மெரினாவில் நின்ற கண்ணகியை 2001 டிசம்பரில் ராவோடு ராவாகத் தூக்கினார்கள். நீதி கேட்டு மதுரையை எரித்தவள், ஒரு கிடங்கில் ஒடுங்கிக் கிடந்தாள். 2006ல் ஆட்சி மாறியதும் திரும்பி வந்தாள். சிவாஜி கணேசனை அதே சாலையில் 2006ல் நிறுத்தினார்கள், 2017ல் பெயர்த்து அடையாறுக்கு அனுப்பினார்கள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று. வாழ்நாளில் ஒரு காட்சியில்கூட மற்றவருக்கு இடம் விடாதவர், செத்த பிறகு விட வேண்டியதாயிற்று. பொதுச் சாலையில் இனிச் சிலைக்கு அனுமதி தராதீர்கள் என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உத்தரவுக்கு நாம் சிலை வைக்காமல் விட்டதே பெரிது.

அப்புறம் கூண்டு. அம்பேத்கரைப் பாருங்கள். இந்த மாநிலத்தில் எத்தனை ஊரில் அவர் கம்பிக்குள் நிற்கிறார்! விரலை நீட்டியபடி, சட்டப் புத்தகத்தை அணைத்தபடி, பூட்டு போட்ட இரும்புக் கூண்டுக்குள். உடைக்கிறவனைப் பிடித்து உள்ளே போட வக்கில்லாத சமூகம், சிலையை உள்ளே போட்டுவிட்டது. இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் சொல்லுங்கள்.

ஆகவே அரசுக்கு ஒரு யோசனை, இலவசமாக. முகம் இல்லாத வெண்கலங்களை வாங்குங்கள். முகம் இல்லாததால் சாதி இல்லை, கூண்டுச் செலவு மிச்சம். கட்சி இல்லை, தேர்தல் தேதி அறிவித்ததும் துணி சுற்ற வேண்டாம். பிறந்தநாளும் நினைவுநாளும் இல்லை, ஆண்டுக்கு இரண்டு முறை போக்குவரத்தைத் திருப்பிவிட வேண்டாம். ஆட்சி மாறினால் கிடங்குக்குத் தூக்க வேண்டாம், எந்த ஆட்சியின் சிலை என்று எவனுக்கும் தெரியாது. சாயல் சரியில்லை என்று ஒன்பதே மாதத்தில் மாற்ற வேண்டாம். உப்புக் காற்று பட்டால் வெண்கலம் பச்சை பூத்து இன்னும் அழகாகும், ஆண்டுதோறும் பெயின்ட் டெண்டரும் வேண்டாம்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. வாங்கக் கூடாது என்பதற்கான காரணங்களை ஒன்றுவிடாமல் அடுக்கியிருக்கிறேன். கூண்டு இல்லையென்றால் கூண்டுக்கு டெண்டர் இல்லை. பெயின்ட் இல்லையென்றால் அதில் வரும் பங்கு இல்லை. மாலை இல்லையென்றால் போட்டோ இல்லை. எதற்கும் உதவாத சிலையை வைத்துக்கொண்டு மக்கள் என்ன செய்வார்கள்? நின்று பார்ப்பார்கள். பார்த்தால் யோசிப்பார்கள். அந்த அபாயத்தை எந்த ஆட்சி விலைக்கு வாங்கும்?

ஒரு காலத்தில் இங்கே தைரியம் இருந்திருக்கிறது. கலைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959ல் மெரினாவில் நின்றது. பாறையைத் தள்ளும் நான்கு பேர். அவர்களுக்குப் பெயர் இல்லை, பதவி இல்லை. மாடலாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் காவலாளி. அதே கடற்கரைச் சாலையில் இன்று யோசனை கேட்டால், அந்தப் பாறையின் மேல் யாரை உட்கார வைப்பது என்ற பேச்சுவார்த்தையே ஒரு வருடம் ஓடும்.

1863ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கியது. தென்சென்னைப் புறநகரின் முதல் சிற்பி அவன்தான். கல்லைக் கையில் வைத்துப் பார்த்து, எங்கே தட்டினால் என்ன வடிவம் வரும் என்று யோசித்திருக்கிறான். கல்வெட்டில் அவன் பெயரும் இல்லை. மரபு அங்கேயே தொடங்கிவிட்டது.

போன மாதம் எங்கள் சிற்பியின் கொட்டகைக்குப் போயிருந்தேன். வாசலில் மூன்று சக்கர வண்டி. காயலான் கடைக்காரர். சிற்பியின் மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. இரண்டு வெண்கலங்களை எடைக்குப் போட முடிவு செய்திருந்தார் சிற்பி. ஒன்றும் பேசவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

காயலான் கடைக்காரர் அவசரப்படவில்லை. உட்கார்ந்தார். வெண்கலத்தின் வளைவில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினார். விரல் கணுவால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சின்னதாக ஒரு ரீங்காரம் எழுந்து அடங்கியது. அடிப்பக்கம் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “பித்தளை இல்ல. செம்புல வெள்ளீயம் கலந்த நல்ல சரக்கு. பொத்தல் இல்லாம ஊத்தியிருக்காங்க” என்றார். பிறகு திரும்பி, “யாருண்ணே ஊத்துனது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை இந்தப் புறநகரில் நான் வேறு யார் வாயிலும் கேட்டதில்லை. தொட்டார், தட்டினார், எடை போட்டார், செய்தவன் யார் என்று கேட்டார். ஒரு தேர்வுக் குழு செய்ய வேண்டிய வேலையை ஒரு ஆள், ஐந்து நிமிடத்தில், பயணப்படி வாங்காமல் செய்து முடித்தார். நான்தான் சிற்பியின் தோளைத் தொட்டு, ஒன்றையாவது நிறுத்தச் சொன்னேன். கட்டணத்துக்கு நாலு பேரிடம் கேட்டுப் பார்ப்போம் என்றேன். ஒன்று நின்றது. ஒன்று வண்டியில் ஏறியது.

வண்டி நகரும்போது எனக்கு ரவுண்டானா ஞாபகம் வந்தது. “அண்ணே, அந்தச் சந்திப்புல தங்கக் கலர்ல ஒரு குடும்பம் நிக்குதே, கல்வெட்டுல இருவத்திமூணு பேரு. என்னைக்காவது எடைக்கு வந்தா என்ன குடுப்பீங்க?”

அவர் பெடலில் கால் வைத்தபடி சிரித்தார்.

“ஃபைபர் எடுக்கிறதில்ல சார். அதுக்கு வெலையே கெடையாது.”